கணிப்பொறிக்கு ஒரு காவல் நாய்

“பிள்ளை என்ன வேலை பார்க்கிறான்?” என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்டால், நம்மில் பலர் “கம்ப்யூட்டர் வேலை” என்ற இரண்டே சொற்களில் பதிலை முடித்துக்கொள்கிறோம். பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் நொய்டாவிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் கண் விழித்து எழுதுவது என்ன என்று நாமும் கேட்பதில்லை. எப்படி விளக்குவது என்று தெரியாமல் அவர்களும் சொல்வதில்லை. அந்தப் பெரிய வேலையிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்து, அது எப்படிச் செய்யப்படுகிறது, அதில் எங்கே சறுக்கல் நேரும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணிப்பொறி தெரியாதவர்களும் தயங்காமல் படிக்கலாம். இதில் உள்ள முக்கியமான கேள்வி கணிப்பொறியைப் பற்றியது மட்டும் அன்று.

அந்தத் துண்டின் பெயர் ‘வாட்ச்டாக் டைமர் டிரைவர்’. காவல் நாய்க் கடிகாரத்தை இயக்கும் மென்பொருள் எனலாம்.

ஆளில்லா இடத்து இயந்திரங்கள்

வீட்டில் உள்ள கணிப்பொறி திடீரென்று உறைந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவிட்சை அணைத்துப் போடுகிறோம். பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஆனால் மலையுச்சியில் நிற்கும் தொலைபேசிக் கோபுரத்துக்குள் இருக்கும் கணிப்பொறி நின்றுபோனால்? ஊருக்கு வெளியே நீரேற்றும் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவி நடு இரவில் உறைந்துபோனால்? பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளில் இப்படி நேர்ந்தால்? சுவிட்சை அணைத்துப் போட அங்கே ஆள் ஏது?

அந்த ஆளின் வேலையைச் செய்வதுதான் வாட்ச்டாக் டைமர். அது சிப்புக்குள் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு எண்ணி. ஒரு பெரிய எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரும். பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் கணிப்பொறியை ரீசெட் செய்துவிடும். அதாவது, சுவிட்சை அணைத்துப் போட்டது போல எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைக்கும். அது பூஜ்யத்தைத் தொடாமல் இருக்க வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் அவ்வப்போது அதனிடம் சென்று “நான் நலமாக இருக்கிறேன்” என்று தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் எண்ணிக்கை மறுபடியும் மேலிருந்து தொடங்கும். பொறியாளர்கள் இதை நாய்க்குச் சோறு வைப்பது என்றும், நாயைத் தட்டிக்கொடுப்பது என்றும் வேடிக்கையாகச் சொல்வார்கள். குறித்த நேரத்துக்குள் தட்டிக்கொடுக்கவில்லை என்றால் நாய் கடித்துவிடும்.

எளிய ஏற்பாடுதான். ஆனால் இந்த எளிமைக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ரயில் என்ஜினுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

ரயில் என்ஜினில் உள்ள அண்ணன்

விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ வேறு வண்டியிலோ ஊருக்குப் போகும்போது, இரவு நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். என்ஜின் ஓட்டுநர் தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்த்தவர்கள் நம் ரயில்வேயின் மின்சார, டீசல் என்ஜின்களில் விழிப்புக் கண்காணிப்புக் கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, ஊதல் ஒலிப்பது, பிரேக் போடுவது போன்ற ஏதேனும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தால் கருவி பேசாமல் இருக்கும். ஏறத்தாழ ஒரு நிமிடம் எதுவுமே செய்யவில்லை என்றால் முதலில் ஒரு விளக்கு மின்னும். அதற்கும் அசையாவிட்டால் ஒலி எழுப்பும். அப்போதும் ஓட்டுநர் பொத்தானை அழுத்திப் பதில் தராவிட்டால் பிரேக் தானாக விழுந்து வண்டி நின்றுவிடும். நம் வாட்ச்டாக் டைமருக்கு இது அண்ணன் முறை.

இதே குடும்பத்தில் இன்னும் பழைய கருவி ஒன்று உண்டு. ஓட்டுநர் காலால் ஒரு மிதியை அழுத்தியபடியே இருக்க வேண்டும். காலை எடுத்தால் வண்டி நின்றுவிடும். மயங்கி விழுந்தால் கால் தளரும், வண்டி நிற்கும் என்பது அதன் கணக்கு. 2003 ஜனவரி 31 அன்று ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குத் தெற்கே வாட்டர்ஃபால் என்னும் ஊருக்கு அருகில் இந்தக் கணக்கு பொய்த்தது. வண்டியை ஓட்டியவருக்கு மாரடைப்பு. அவர் செயலிழந்து சாய்ந்த பிறகும், அவருடைய கால்களின் கனமே மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கருவி அவர் நலமாக இருப்பதாகவே நம்பியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமே அனுமதிக்கப்பட்ட வளைவில் வண்டி 117 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து தடம் புரண்டது. ஓட்டுநரையும் சேர்த்து 7 பேர் இறந்தார்கள்.

இங்கே கருவி பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அது செய்ய வேண்டியதைச் செய்தது. ஆனால் ‘உயிரோடிருக்கிறேன்’ என்று சொல்ல அது ஏற்றுக்கொண்ட அறிகுறியை ஒரு பிணத்தாலும் தர முடிந்தது. காவல் ஏற்பாட்டில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறில்லை. வாட்ச்டாக் டிரைவர் எழுதுகிற ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி இது.

டிரைவர் என்றால் யார்?

கணிப்பொறியில் டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் அல்லர். அது ஒரு சிறு மென்பொருள். கணிப்பொறியின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நடுநாயகமாக இருக்கும் பகுதியைக் கெர்னல் என்பார்கள். நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று முறை வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கெர்னலுக்குப் பொதுமொழி ஒன்று உண்டு. ஆனால் ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மொழி பேசும். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் துபாஷிதான் டிரைவர்.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம் என்பதால் நமக்கு வசதி. சிப்புக்கு, 2012இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணிப்பொறியைப் பார்ப்போம். பிள்ளைகள் பலர் கையில் வைத்து விளையாடும் பலகை அது. முதல் ராஸ்பெரி பையில் இருந்த பிராட்காம் சிப்புக்குள் ஒரு வாட்ச்டாக் டைமர் இருக்கிறது.

கணக்கில் தொடங்கும் வேலை

டிரைவர் எழுதுகிறவர் முதலில் செய்வது எழுதுவதன்று, சிப்பைப் பற்றிய குறிப்பேட்டைப் படிப்பது. இந்த எண்ணியில் 20 பிட் உண்டு. அதாவது அதில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 10,48,575. அது ஒரு வினாடிக்கு 65,536 முறை குறைகிறது. வகுத்துப் பார்த்தால் 16 வினாடிக்கு ஒரு துளி குறைவு. ஆகவே முழு வினாடியாகச் சொன்னால் இந்த நாயின் பொறுமை அதிகபட்சம் 15 வினாடி. “ஒரு நிமிடம் பொறு” என்று கேட்டால் இந்தச் சிப்பால் முடியாது. டிரைவர் அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் 60 வினாடிக்கான எண்ணை அப்படியே எழுதினால், 20 பிட்டுக்கு மேற்பட்ட பகுதி நறுக்கப்பட்டு, எதிர்பாராத நேரத்தில் கடி விழும்.

அடுத்து ஒரு பூட்டு. இந்த எண்ணியின் பதிவேட்டில் எதை எழுதினாலும், கூடவே குறிப்பிட்ட ஒரு கடவு எண்ணையும் மேல் 8 பிட்டுகளில் வைத்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் சிப்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. எதற்கு இந்தக் கெடுபிடி? நிரல் தறிகெட்டு ஓடும்போது கண்ட இடத்திலும் குப்பையை எழுதும். அந்தக் குப்பை தற்செயலாகக் காவல் நாயைக் கட்டிப்போட்டுவிடக் கூடாது அல்லவா? திருடனே நாயை அவிழ்த்துவிட முடியாதபடி செய்த ஏற்பாடு. வேறு சில சிப்புகளில் இரண்டு மூன்று எண்களை வரிசை தவறாமல் எழுதினால்தான் கதவு திறக்கும்.

இந்தச் சிப்பில் இன்னொரு சுவையான செய்தி. நாமாகவே கட்டளையிட்டு ராஸ்பெரி பையை ரீஸ்டார்ட் செய்தாலும் டிரைவர் இந்த நாயையே ஏவுகிறது. எண்ணியில் 10 என்று மட்டும் வைத்துவிட்டுக் காத்திருக்கும். ஒரு வினாடியில் ஆறாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது, நாய் கடித்துவிடும். கணிப்பொறி புதிதாகத் தொடங்கும்.

நான்கு சிறு வேலைகள்

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு எழுத வேண்டியது மிகக் கொஞ்சமே. தொடங்கு, நிறுத்து, தட்டிக்கொடு, நேரத்தை மாற்று என்று நான்கு சிறு வேலைகள். முன்பெல்லாம் ஒவ்வொரு டிரைவரும் மற்றப் பொதுவேலைகளையும் தானே எழுதிக்கொண்டது. ஒன்றில் இருந்த பிழை அடுத்ததிலும் நகலெடுக்கப்பட்டது. 2011இல் லினக்ஸில் வாட்ச்டாக் டிரைவர்களுக்கென்று பொதுவான ஓர் உள்ளமைப்பு சேர்க்கப்பட்டது. அதன் பிறகு சிப்புக்கு மட்டுமே உரிய வேலையை டிரைவர் பார்த்தால் போதும்.

வெளியிலிருந்து பார்த்தால் வாட்ச்டாக் ஒரு கோப்பைப் போலத் தெரியும். ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்தால் எண்ணி ஓடத் தொடங்கும். அதில் எதையாவது எழுதினால் நாயைத் தட்டிக்கொடுத்ததாகக் கணக்கு. கோப்பை மூடினால் என்ன ஆக வேண்டும்? இங்கேதான் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

நிரல் வேலை முடிந்து, ஒழுங்காகக் கோப்பை மூடிவிட்டுப் போகலாம். அல்லது ஏதோ கோளாறால் நிரல் செத்துவிழலாம். செத்த நிரலின் கோப்புகளைக் கெர்னல் தானே மூடிவிடும். இரண்டும் டிரைவருக்கு ஒன்றுபோலவே தெரியும். முன்னதில் நாயைக் கட்டிப்போட வேண்டும். பின்னதில் ஒருபோதும் கட்டக் கூடாது. இதற்கு லினக்ஸில் கண்ட வழி எளியது. மூடுவதற்கு முன் ‘வி’ என்ற ஓர் ஆங்கில எழுத்தைக் கோப்பில் எழுதிவிட்டு மூடினால் மட்டுமே எண்ணி நிற்கும். சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டால் எண்ணி ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் முடிந்ததும் ரீசெட்தான். விடைபெற்றுக்கொண்டு போகிறவருக்கும் காணாமல் போனவருக்கும் உள்ள வேறுபாடு ஓர் எழுத்தில் அடங்கிவிட்டது. அதுவும் வேண்டாம், ஒருமுறை தொடங்கினால் யார் சொல்லியும் நிற்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கும் ஓர் அமைப்பு உண்டு.

யார் தட்டிக்கொடுப்பது?

இப்போது ஆஸ்திரேலிய ரயிலின் மிதிக்கு வருவோம். டிரைவர் சரியாக எழுதப்பட்டுவிட்டது. நாயைத் தட்டிக்கொடுக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது?

சிறு கருவிகளுக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கு முதலில் தோன்றும் சுலபமான வழி, கணிப்பொறியின் கடிகாரத் துடிப்போடு அதைக் கட்டிவிடுவது. வினாடிக்கு நூறு முறை துடிக்கிறது, ஒரு முறை தவறாமல் தட்டிக்கொடுக்கும், தொல்லையில்லை. ஆனால் நீரேற்றும் மோட்டாரைக் கவனிக்க வேண்டிய முதன்மை நிரல் உறைந்து நின்ற பிறகும் கடிகாரம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். நாயும் மகிழ்ச்சியாக வாலாட்டிக்கொண்டிருக்கும். தொட்டி வழிந்தாலும் வறண்டாலும் அதற்குத் தெரியாது. பிணத்தின் கால் மிதியை அழுத்துவதும் இதுவும் ஒன்றே.

சரியான வழி கொஞ்சம் உழைப்பைக் கேட்கும். கருவியில் நான்கு முக்கியமான பணிகள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பணியும் தன் சுற்றை உண்மையிலேயே முடித்த பிறகு, தன் பெயருக்கு நேரே ஒரு குறியிட வேண்டும். மேற்பார்வை நிரல் ஒன்று நான்கு குறிகளும் விழுந்தனவா என்று பார்த்து, விழுந்திருந்தால் மட்டுமே நாயைத் தட்டிக்கொடுத்து, குறிகளை அழித்துவிட வேண்டும். நான்கில் ஒன்று முடங்கினாலும் கடி உறுதி. இன்றைய லினக்ஸில் சிஸ்டம்டி என்னும் மேலாளர் நிரல் இதே போல ஒவ்வொரு சேவையிடமிருந்தும் நலச் செய்தியை எதிர்பார்க்கும். வராத சேவையை அது தானே மீண்டும் தொடங்கிவைக்கும். அந்த மேலாளரே உறைந்துபோனால் வன்பொருள் நாய் பார்த்துக்கொள்ளும். காவலுக்குக் காவல் என்று சங்கிலியாகப் போகிறது.

கெர்னலுக்குள்ளேயே இந்தப் பள்ளம் வேறு உருவில் வரும். சிப்பின் பொறுமை 15 வினாடி, பயனர் கேட்பது 60 வினாடி என்றால், நடு நடுவே கெர்னலின் பொது உள்ளமைப்பு பயனருக்காகத் தானே தட்டிக்கொடுக்க முடியும். இது பினாமி ஏற்பாடு. பினாமி எல்லை மீறக் கூடாது அல்லவா? ஆகவே பயனர் தந்த கெடு முடிந்ததும் கெர்னல் தட்டுவதை நிறுத்திவிடும். அதே போல், கணிப்பொறி தொடங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும் நாயைப் பயனர் நிரல் வந்து சேரும்வரை கெர்னல் பார்த்துக்கொள்ளும். பயனர் நிரல் வரவே இல்லை என்றால்? எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று ஓர் எல்லை வைக்கவும் வசதி செய்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் எதுவரை என்ற கேள்வியும் எழுதப்பட்டிருக்கிறது.

செவ்வாயில் நடந்தது

ரீசெட் செய்துவிட்டால் நோய் தீர்ந்துவிடுமா? 1997 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

பூமியில் இருந்த பொறியாளர்கள் அதே போன்ற கணிப்பொறியை ஆய்வகத்தில் ஓடவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வானிலைத் தகவல் திரட்டும் பணி முன்னுரிமை குறைந்தது. அது ஒரு பொதுச் சாவியைக் கையில் வைத்திருந்த நேரத்தில், நடுத்தர முன்னுரிமை உள்ள பணிகள் புகுந்து அதை ஓடவிடாமல் செய்தன. அந்தச் சாவிக்காகக் காத்திருந்ததோ முன்னுரிமை மிகுந்த பணி. அது நேரத்துக்கு முடியவில்லை என்பதைக் கண்காணிக்கும் நிரல் கவனித்து, ரீசெட் செய்தது. பொறியாளர்கள் ஒரே ஓர் அமைப்பைப் பூமியிலிருந்தே மாற்றி அனுப்பினார்கள். சாவியை வைத்திருக்கும் பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் பெரிய பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் அமைப்பு அது. தொல்லை தீர்ந்தது.

காவல் ஏற்பாடு விண்கலத்தைக் காப்பாற்றியது. ஆனால் குணப்படுத்தியவர்கள் மனிதர்கள். ஆகவே நல்ல டிரைவர் கடிப்பதோடு நிற்காது. மறுபடி கண் விழித்ததும், “சென்ற முறை மின்சாரம் போய் நின்றாயா, நாய் கடித்து நின்றாயா?” என்ற கேள்விக்கு, சிப்பு இடம் தந்தால், பதில் சொல்லும். அந்தப் பதிலைக் குறித்துவைக்காத இடத்தில் கருவி தினமும் பத்து முறை ரீசெட் ஆனாலும் எல்லாம் நலம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ரீசெட் என்பது மின் செருகியைப் பிடுங்குவதற்குச் சமம் என்பதையும் மறக்கக் கூடாது. எழுதி முடிக்காத தகவல் அதோடு போய்விடும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இதில் கை வைத்துப் பார்க்கலாம். லினக்ஸ் மூலநிரலில் ‘சாஃப்ட்டாக்’ என்று ஒரு டிரைவர் இருக்கிறது. சில நூறு வரிகளே; சிப்பு எதுவும் தேவையில்லை. முதலில் அதைப் படியுங்கள். ஆனால் அது கெர்னலின் கடிகாரத்தையே நம்பி ஓடுவது; கெர்னலே அடியோடு உறைந்தால் அந்த நாயும் உறைந்துவிடும். தனக்கென்று தனிக் கடிகாரம் வைத்துக்கொண்டு ஓடும் வன்பொருள் எதற்கு வேண்டும் என்பது அப்போது விளங்கும். பிறகு ஒரு சிறு பலகையை வாங்கி உண்மையான நாயை ஓடவிட்டுப் பாருங்கள்.

சோதனை செய்யும்போது எல்லாம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். தட்டிக்கொடுக்கும் நிரலைக் கொல்லுங்கள். கொல்லாமல் பாதியில் உறைய வையுங்கள். கெர்னலையே வேண்டுமென்று விழச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நாய் குறித்த நேரத்தில் கடிக்கிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். ஒருமுறைகூடக் கடித்துப் பார்க்காத நாயை நம்பி ஒரு கருவியை மலையுச்சிக்கு அனுப்பக் கூடாது.

பெற்றோர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை பிள்ளை இரவு வெகுநேரம் விழித்திருந்தால், “இன்னுமா முடியவில்லை?” என்று கேட்பதற்குப் பதிலாக, “உன் நிரல் நின்றுபோனால் யாருக்கு, எப்படித் தெரியும்?” என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பொறியாளர் என்றால் உடனே நாற்காலியை உங்கள் பக்கம் திருப்பிவிடுவார்.